பெரியப்பாவின் இரும்புப் பெட்டி

14 பிப்ரவரி 2026, சனிக்கிழமை
குழு: பெரிய வீடு (டெக்சஸ், நியூ ஜெர்சி)

*பெரியம்மா, காலை 8:40*
எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் அரைகுறைத் தமிழில் யாரும் எழுதக்கூடாது என்று உங்கள் பெரியப்பா போட்ட சட்டத்தை, அவர் போன பிறகும் மீற எனக்கு மனம் வரவில்லை. நேற்று அவருடைய நீலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எல்ஐசி பத்திரங்களுக்கும் வீட்டு வரி ரசீதுகளுக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள், 200 டாலர் வரி முத்திரை ஒட்டிய இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சருக்கு, இன்னொன்று குட்டைக் குழல் துப்பாக்கிக்கு. பொருள் இரண்டும் மாடி அறை இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. "வீட்டில் தனியாக இருக்கிறீர்கள், என்னிடம் கொடுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

*ஆஸ்டின் மாமா, காலை 8:52*
அக்கா, கொடுக்கவே வேண்டாம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த இரண்டு பொருள்களும் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அத்தான் பெயரில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறையான ஏடிஎஃபின் பதிவேட்டில் ஏறியவை. அரசின் முன் அனுமதி இல்லாமல் அவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால், கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே குற்றவாளிகள் ஆவார்கள். தண்டனை பத்தாண்டுச் சிறை வரை போகலாம். துப்பாக்கிக் கடைக்காரர் "நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் இதே பதில்தான்.

*பெரியம்மா, காலை 8:55*
அப்படியானால் என் வீட்டில் இருப்பதே குற்றமா? எனக்குக் கை நடுங்குகிறது தம்பி.

*ஆஸ்டின் மாமா, காலை 9:04*
இல்லை அக்கா, பயப்படாதீர்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அத்தான் உங்கள் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறார். நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திக் கடிதம் கொடுத்த பிறகு, சொத்துப் பங்கீடு முடியும்வரை அவற்றை நீங்கள் வைத்திருக்கலாம். அதைச் சட்டம் கைமாற்றமாகக் கருதுவதில்லை. பங்கீடு முடிவதற்குள் வாரிசு ஒருவரின் பெயருக்குப் படிவம் 5 மூலம் மாற்றிவிட வேண்டும். வாரிசுக்குப் போவதால் வரியும் இல்லை. அதுவரை பெட்டி இருந்த இடத்திலேயே பூட்டியபடி இருக்கட்டும்.

*எடிசன் அண்ணன், காலை 9:10*
அம்மா, மூத்தவன் என்ற முறையில் நானே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் காரில்தான் வருகிறேன்.

*ஆஸ்டின் மாமா, காலை 9:15*
மாப்பிள்ளை, நீ காரில் வா, ஆனால் காலிக் காராகவே திரும்பிப் போ. சைலன்சரைத் தனியார் வைத்திருப்பதை அனுமதிக்காத எட்டு மாநிலங்களில் நீ இருக்கும் நியூ ஜெர்சியும் ஒன்று. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. குட்டைக் குழல் துப்பாக்கிக்கோ, மாநில எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே ஏடிஎஃப் அனுமதி தனியாக வாங்க வேண்டும், நியூ ஜெர்சியை நோக்கி அது கிடைக்காது.

*பிளேனோ அண்ணி, காலை 9:21*
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காட்டுப் பன்றிகளை விரட்டத்தான் மாமா துப்பாக்கி வைத்திருந்தார் என்பது தெரியும். வெண்டைப் பாத்தியை ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போன பன்றிக் கூட்டத்தைப் பற்றி அவர் எத்தனை முறை புலம்பியிருக்கிறார்! ஆனால் சைலன்சர் எதற்கு? அது சினிமாவில் கொலைகாரன் வைத்திருப்பது அல்லவா?

*ஆஸ்டின் மாமா, காலை 9:30*
சினிமாவில் "புஸ்" என்று ஓசை வருவது பொய். ரைஃபிள் வெடிக்கும் சத்தம் 160 டெசிபல் அளவுக்கு இருக்கும். சைலன்சர் அதில் இருபது, முப்பது டெசிபலைக் குறைக்கும். மிச்சமே காதைப் பிளக்கும். அத்தானுக்கு வலது காது ஏற்கெனவே மந்தம், அதனால்தான் வாங்கினார். குட்டைக் குழல் கதை இதைவிட வேடிக்கையானது. 1934இல், கொள்ளைக் கூட்டங்கள் கோலோச்சிய காலத்துக்குப் பிறகு, கைத்துப்பாக்கியையும் சேர்த்துத்தான் மசோதா எழுதினார்கள். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முடியாவிட்டால் ஜனங்கள் நீளத் துப்பாக்கியை அறுத்துக் குட்டையாக்குவார்கள் என்று எண்ணி, 18 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் குழலையும் பட்டியலில் சேர்த்தார்கள் (ரைஃபிளுக்கு அந்த அளவு பின்னாளில் 16 அங்குலம் ஆனது). பிறகு எதிர்ப்பு வந்ததால் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், குட்டைக் குழலை எடுக்க மறந்தார்களோ, மனமில்லையோ, அது அப்படியே நின்றுவிட்டது. வாசலை அடைத்த சுவரை இடித்துவிட்டு, ஜன்னலுக்குப் போட்ட பூட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

*பிளேனோ அண்ணன், காலை 9:41*
மாமா, எனக்கு வேறொரு கேள்வி. நானும் ஒரு சைலன்சர் வாங்க இருந்தேன். கடையில், "உங்கள் பெயரில் வாங்காதீர்கள், டிரஸ்ட் ஒன்று எழுதி அதன் பெயரில் வாங்குங்கள், கைரேகை, புகைப்படம் எதுவும் தேவையில்லை" என்றார்கள். ஊரில் டிரஸ்ட் என்றால் கோயில் டிரஸ்ட், கல்லூரி டிரஸ்ட் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். துப்பாக்கிக்குக்கூட டிரஸ்டா?

*ஆஸ்டின் மாமா, காலை 10:02*
நானும் டிரஸ்ட் வழியாகத்தான் வைத்திருக்கிறேன், ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன். கடையில் உனக்குச் சொன்னது பத்தாண்டுப் பழைய கதை. முன்பு தனி மனிதர் விண்ணப்பித்தால், உள்ளூர்க் காவல்துறைத் தலைவரின் கையெழுத்து கட்டாயம். அவர் போட மறுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். டிரஸ்டுக்கு அந்தக் கையெழுத்தும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம் என்றிருந்ததால் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் டிரஸ்ட் எழுதினார்கள். அத்தான் 2014இல் வாங்கியபோது நானும் அதையே சொன்னேன். "ஒளிந்து வாங்க நான் என்ன திருடனா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையில் பேனாவோடு காவல்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து கையெழுத்து வாங்கினார். நீலக் கோப்பில் இருக்கும் கைமாற்ற விண்ணப்பமான படிவம் 4இன் பின்பக்கத்தில் அந்தக் கையெழுத்து இருக்கும், பாருங்கள் அக்கா.

2016 ஜூலை 13 முதல் நடைமுறைக்கு வந்த ஏடிஎஃபின் 41எஃப் விதி அந்த வித்தியாசத்தைத் துடைத்துவிட்டது. இப்போது யாருக்கும் காவல்துறைத் தலைவரின் கையெழுத்து தேவையில்லை, அவருக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும். அதற்குப் பதிலாக, டிரஸ்டில் பொருளை வைத்திருக்கவோ அதைப் பற்றி முடிவெடுக்கவோ அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும் "பொறுப்பாளர்" என்ற கணக்கில் தனித்தனியாகப் படிவம், கைரேகை, கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

*பிளேனோ அண்ணன், காலை 10:06*
வசதி எதுவும் மிச்சமில்லை என்றால் டிரஸ்ட் எதற்கு? 200 டாலர் வரியாவது குறையுமா?

*ஆஸ்டின் மாமா, காலை 10:24*
வரியில் டிரஸ்ட், தனி ஆள் என்ற பேதம் என்றுமே இல்லை. 1934இல் வைத்த 200 டாலர், அன்று துப்பாக்கியின் விலையையே விழுங்கும் தொகை, தொண்ணூறு ஆண்டுகள் மாறாமல் இருந்தது. சென்ற ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், இந்த ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழலுக்கும் வரி பூஜ்யம் ஆகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிப்பொருள் வகைக்கும் மட்டும் 200 தொடர்கிறது. ஆனால் வரி போனதே தவிரப் பதிவு போகவில்லை. "இனி எல்லாம் இலவசம், கடையில் எடுத்துக்கொண்டு வரலாம்" என்று எவராவது சொன்னால் நம்பாதே.

டிரஸ்டின் உண்மையான பலன் அக்கா கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. அத்தான் தனி ஆளாகப் பதிந்திருந்தார். ஆகவே அவர் உயிரோடு இருந்த பன்னிரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பெட்டியைத் திறக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். பெட்டியின் எண் தெரிந்த அக்கா, அவர் ஊரில் இல்லாத நாளில், கையில் எடுக்காவிட்டாலும், "எடுக்கக்கூடிய நிலையில் இருந்தார், ஆகவே அது அவர் வசம் இருந்தது" என்று ஓர் அரசு வழக்கறிஞர் வாதிட இடமிருந்தது. டிரஸ்டில் உரிமையாளர் டிரஸ்ட்தான். அதில் டிரஸ்டிகளாக இருக்கும் கணவன், மனைவி, வயது வந்த பிள்ளை ஆகியோர் அதற்காக வைத்திருப்பவர்கள். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் பெட்டியைத் திறக்கலாம், வயலுக்கு எடுத்துப் போகலாம். ஒருவர் இறந்தால் அடுத்த டிரஸ்டி அப்படியே தொடர்கிறார், நீதிமன்றக் கடிதத்துக்காகப் பெட்டி முன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

*எடிசன் அண்ணன், காலை 10:31*
அப்படியானால் தம்பி எழுதும் டிரஸ்டில் என்னையும் டிரஸ்டியாகப் போடலாமா? டெக்சஸ் வரும்போது மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

*ஆஸ்டின் மாமா, காலை 10:38*
போடலாம், டெக்சஸ் மண்ணில் இருக்கும்வரை தவறில்லை. ஆனால் உன் படிவத்தின் நகல் உன் ஊர்க் காவல்துறைத் தலைவருக்குப் போகும், அதற்குத் தயாராக இரு. பேசாமல், பின்னாளில் பொருளைப் பெறப்போகும் பயனாளியாக இருந்துவிடு. பயனாளிக்குப் பொருளின் மீது எந்த அதிகாரமும் இல்லையென்றால் அவர் பொறுப்பாளர் ஆகமாட்டார், கைரேகையும் வேண்டாம்.

*நான், காலை 10:45*
மாமா, பிளேனோ அண்ணன் என்னையும் சேர்த்துக்கொள்வதாகப் போன வாரம் சொன்னார். பன்றி வேட்டைக்குப் பெரியப்பாவோடு அதிகம் போனவன் நான்தான்.

*ஆஸ்டின் மாமா, காலை 10:57*
நீ எச்1பி விசாவில் இருக்கிறாய் அல்லவா? அப்படியானால் டிரஸ்டி ஆவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எச்1பி போன்ற குடியேறாத, தற்காலிக விசாவில் இருப்பவர் எந்தத் துப்பாக்கியையும், தோட்டாவையும்கூட வைத்திருக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் உன் விசாவையும் வேலையையும் அந்த ஒரு வரியின் மீது வைக்காதே, முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேள். கிரீன் கார்டு கையில் வந்துவிட்டால் இந்தத் தடை உனக்கு இல்லை. டிரஸ்ட் என்பது பாவத்தைக் கழுவும் காவிரி இல்லை. தனி ஆளாகத் தொடக்கூடாதவர் டிரஸ்டின் பெயரைச் சொல்லியும் தொடக்கூடாது. கொலராடோவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: அந்த மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கிறார்கள், ஆனால் அதைப் பயன்படுத்துபவருக்கு மத்தியச் சட்டம் துப்பாக்கியை மறுக்கிறது.

*நான், காலை 11:03*
இப்போதுதான் புரிகிறது. வயலுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் டார்ச் விளக்கை மட்டும்தான் கொடுப்பார். "கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். என்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்து உள்ளுக்குள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

*பெரியம்மா, காலை 11:06*
உனக்குக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார் தெரியுமா? இந்தியர் வரிசை நகரும்போது தனக்கு எண்பது வயதாகிவிடும் என்று சிரிப்பார்.

*பிளேனோ அண்ணன், காலை 11:15*
மாமா, இணையத்தில் பெயரை நிரப்பினால் பத்து நிமிடத்தில் டிரஸ்ட் பத்திரம் தருகிறார்களே, அது போதுமா?

*ஆஸ்டின் மாமா, காலை 11:29*
சிலருக்குப் போதும். நான் முதலில் எடுத்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அதில் அடுத்த டிரஸ்டி யார் என்ற இடம் வெற்றாகவே இருந்தது, இரண்டு வருடம் கழித்து உன் அத்தைதான் கண்டுபிடித்தாள். டிரஸ்டிகளில் ஒருவர் மேல் வழக்கு வந்தால் அவர் அதிகாரம் தானாக விலக வேண்டும், பயனாளி சிறுவனாக இருந்தால் வயது வரும்வரை அவன் கையில் கொடுக்கக்கூடாது என்ற வரிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இணைப்பாக வரும் சொத்துப் பட்டியலில் பொருளின் வரிசை எண்ணைத் தவறில்லாமல் எழுது. அங்கீகாரம் வந்த பிறகு புதிய டிரஸ்டியைச் சேர்த்தால், அடுத்த விண்ணப்பம் வரும்வரை அவருக்குக் கைரேகை கேட்கமாட்டார்கள். அதைக் குறுக்கு வழி என்று சிலர் பேசுவார்கள், அந்தப் பேச்சு நம் குடும்பத்துக்கு வேண்டாம்.

அத்தானின் பொருள்களைப் பொறுத்தவரை, உயிலில் டிரஸ்டின் பெயர் இல்லாததால், வாரிசான உன் பெயருக்குப் படிவம் 5இல் வரட்டும். பிறகு நீ விரும்பினால் படிவம் 4இல் டிரஸ்டுக்கு மாற்றிக்கொள். முன்பு இதற்குப் பொருளுக்கு 200 டாலர் போயிருக்கும், இப்போது காகிதமும் காத்திருப்பும்தான் செலவு.

*பிளேனோ அண்ணி, காலை 11:34*
டிரஸ்டில் என் பெயரும் இருக்கட்டும். சுடுவதற்கு இல்லை, பெட்டி எண் எனக்கும் தெரியும் என்பதற்காக.

*ஆஸ்டின் மாமா, காலை 11:36*
அக்கா, திங்கட்கிழமை பத்து மணிக்கு உயில் வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். முத்திரை ஒட்டிய அசல் தாள்களைக் கோப்போடு எடுத்து வாருங்கள், பெட்டியை மட்டும் தொடாதீர்கள். நான் ஆஸ்டினிலிருந்து நேரே அங்கே வந்துவிடுகிறேன்.

*நான், காலை 11:38*
பெரியம்மா, உங்களை நான் காரில் அழைத்துப் போகிறேன். ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன்.

*பெரியம்மா, காலை 11:41*
எட்டரைக்கே வா, இட்லி ஊற்றி வைக்கிறேன். ஆனால் மாடிக்குப் போகாதே, கூடத்திலேயே உட்கார். கோப்பை நான் எடுத்து வருகிறேன்.