ஏழு மாத வாடகை பாக்கி, வீட்டையும் விடமாட்டேன் என்கிறார்: என்ன செய்வது?

ஹட்டன் மாடிவீடு:
வணக்கம். ஹட்டன் டவுனில் எங்களுக்கு ஒரு நான்கு மாடிக் கட்டடம் இருக்கிறது, கீழே இரண்டு கடை, மேலே ஆறு வீடு. அப்பா தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த காசும் நான் கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்ததும் போட்டுக் கட்டியது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை, வாடகை வந்தால்தான் தவணை கட்டலாம்.

மூன்றாம் மாடியில் இருப்பவர் இரண்டு வருடத்துக்கு முன் வந்தார். ஒரு வருட அக்ரிமென்ட் எழுதி, சமாதான நீதவானிடம் சீல் அடித்து, மூன்று மாத அட்வான்ஸ் வாங்கினோம். காலம் முடிந்தும் புதுப்பிக்கவில்லை. இப்போது ஏழு மாதமாக ஒரு சதம் தரவில்லை, கரண்ட் பில்லும் கட்டவில்லை, மீட்டர் என் பெயரில் இருக்கிறது. கேட்டால் டித்வா புயல் மழைக்குப் பிறகு பின்பக்கச் சுவரில் தண்ணீர் ஊறுகிறது, பிள்ளைகளுக்கு இருமல், திருத்தித் தந்தால்தான் வாடகை என்கிறார். தண்ணீர் ஊறுவது உண்மைதான், பின்னால் வெட்டிய மண்மேடு இருக்கிறது.

பொலிஸுக்குப் போனேன், இது சிவில் விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் கரண்டையும் தண்ணீரையும் வெட்டு, அவர்கள் ஊருக்குப் போகும் நேரம் பூட்டை மாற்று என்கிறார். அம்மா, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டி கோட்ஸ் வீதி:
தம்பி, மச்சான் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். சட்டத்தரணி அலுவலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவன், பூட்டை மாற்றிய வீட்டுக்காரர்கள் எப்படி வந்து நின்றார்கள் என்று பார்த்திருக்கிறேன். நீங்கள் பூட்டினால் அவர் நேராகப் பொலிஸுக்குப் போவார், சண்டை வரும் என்று பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அறிக்கை போடும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று தெரிந்தால் நீதிமன்றம் அவரைத் திரும்பக் குடியமர்த்தும். வாடகை பாக்கி என்பதை அந்த வழக்கில் யாரும் கேட்கமாட்டார்கள். காசும் போய், நீங்கள்தான் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும்.

அடுத்தது உங்கள் அக்ரிமென்ட். சமாதான நீதவான் சீல் அடித்தால் போதும் என்று மலையகத்தில் எல்லாரும் நினைக்கிறார்கள், போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிஸ் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும், 1840இலிருந்து இருக்கிற சட்டம் அது. அப்படி எழுதாததால் அந்தத் தாள் குத்தகையாக நிற்காது, அவர் மாத வாடகைக்காரர் என்றே கணக்கு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, குத்தகை முடிந்த வீட்டை விரைவாக மீட்பதற்கானது, ஆனால் ஒழுங்கான குத்தகைப் பத்திரம் கையில் இருப்பவருக்குத்தான் அது துணை. உங்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழமையான வெளியேற்ற வழக்குத்தான், பொறுமை வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி சட்டத்தரணி மூலம் ஒரு முழு மாத அறிவித்தல். மாதம் ஒன்றாம் திகதி தொடங்குகிற வாடகை என்றால், அதற்கு முன்னமே கடிதம் அவர் கைக்குப் போய், அந்த மாதக் கடைசி நாளில் முடிய வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாள் பிழைத்தால் வழக்கே விழும், நான் கண்ணால் கண்டது. வாடகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத வாடகைச் சட்டம் பொருந்துமா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பா 70களில் கொடுத்த வீட்டில் வாடகைக்காரர் இறந்த பிறகு அவருடைய மகன் அந்த உரிமையைக் கேட்டார், 1972ஆம் ஆண்டின் அந்த வாடகைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. உங்கள் கட்டடம் புதிது, அந்த அளவுக்குச் சிக்கல் வராது என்று நினைக்கிறேன்.

நுவரெலியா குளிர்:
அண்ணா, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சுவரை முதலில் பாருங்கள். எனக்கும் மூன்று மாடி இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். இருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்துத் தருவது வீட்டுக்காரர் கடமை, நாளை கோட்ஸில் அவர் முதலில் எடுத்து வைப்பது அந்த ஈரச் சுவர்ப் படத்தைத்தான். மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் வடிகால் இருக்கிறதா? தாங்கு சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தால் மழை முழுக்க உங்கள் சுவருக்குள் வரும், உள்ளே எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் நிற்காது. மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கல் ஊற்று ஏதாவது கண்டால் பிரதேச செயலகத்தில் சொல்லி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள். ஆறு குடும்பம் படுத்துத் தூங்குகிற கட்டடம் அது. திருத்துவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், மேசனின் பில்லையும் வையுங்கள்.

பண்டாரவளை வாடகை:
நான் வாடகைக்கு இருக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் கூரை ஒழுகியது, ஆனால் வாடகையை நிறுத்தவில்லை, எழுதிக் கொடுத்தோம், வந்து திருத்தினார்கள். ஏழு மாதம் முழுவதையும் நிறுத்தியது நியாயம் இல்லை. ஆனால் பிள்ளைகள் இருமுவதும் பொய்யாக இருக்காது. ஒரு தடவை சண்டை பிடிக்காமல் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், சுவர் கெட்டிருந்த மாதங்களுக்குக் கொஞ்சம் கழித்துவிட்டு மீதியைத் தவணையாகக் கேட்டால் இறங்கி வரலாம். பேச்சு சரிவராவிட்டால் வழக்கில்லாமல் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே செலவும் இல்லை.

ஹட்டன் மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. நுவரெலியாவிலிருந்து சொன்னபடி இன்று காலையிலேயே மேசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தாங்கு சுவரின் துளை ஐந்தும் அடைத்திருக்கிறது. வாடகைக்காரரும் கூட நின்று பார்த்தார், சண்டை வரவில்லை. இரண்டு மாத வாடகை இப்போதே தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

கண்டி கோட்ஸ் வீதி:
வாங்குங்கள் தம்பி, இன்னும் அறிவித்தல் அனுப்பவில்லைதானே. எந்த மாதப் பாக்கிக்கு என்று ரசீதில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அறிவித்தல் அனுப்பி அந்தத் திகதி முடிந்த பிறகு ஏதாவது தந்தால் மட்டும் வாடகை என்று எழுதாதீர்கள், புதிதாக வாடகைக்கு விட்டதாக வாதாடுவார்கள். நட்டஈடு என்று எழுத வேண்டும். பேசிச் சரிவந்து அவரையே தொடர்ந்து வைத்திருப்பதென்றால் இந்தத் தடவை நொத்தாரிஸிடம் போங்கள், கரண்ட் பில் யார் கட்டுவது, திருத்த வேலை யார் செய்வது எல்லாம் அதிலேயே எழுதி, காணிப் பதிவகத்திலும் பதிந்துவிடுங்கள்.