ஜோன்ஸ்டன் கேன்யன்: முழங்கால் நோவுள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

தேன்மொழி_ஸ்கார்பரோ:
யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறா. ஜூலையில் கனடா ரொக்கி மலையிலுள்ள பான்ஃப் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், அங்கே ஜோன்ஸ்டன் கேன்யன் என்கிற ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அருவிகளைக் காட்ட ஆசை. அவவுக்கு 68 வயது, முழங்கால் நோவு. சமதரையில் நடப்பா, படியென்றால் கஷ்டம். தம்பியின் 2 வயது மகளும் வருகிறாள். மேல் அருவி வரை போகாவிட்டால் போனதில் பிரயோசனம் இல்லை என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கல்கரிவாசி:
தங்கச்சி, அதை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் நான் அங்கே கூட்டிப்போகிறவன். அந்த நடையின் அழகு அருவியில் மட்டும் இல்லை, போகிற பாதையில்தான் இருக்கிறது. குறுகிய இடங்களில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும். அந்தச் சுவரிலேயே இரும்பு பொருத்தி நடைபாதை கட்டியிருக்கிறார்கள், கைபிடியும் உண்டு. காலுக்குக் கீழே ஓடை பச்சையும் நீலமுமாகப் பாயும். இதைப் பார்க்க மேல் அருவி வரை ஏறத் தேவையில்லை, கீழ் அருவிக்குப் போகிற வழியிலேயே வந்துவிடும்.

கீழ் அருவிக்கு ஒரு வழி சுமார் 1.2 கி.மீ. இடையில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் பாதை நல்லது, பிள்ளையின் தள்ளுவண்டியும் போகும். அம்மா ஆறுதலாக நடக்கட்டும். அருவிக்கு எதிரே ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால் பாறைக்குள் ஒரு குட்டிச் சுரங்கம். குனிந்து போய் அந்தப் பக்கம் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். தரை ஈரமாக இருக்கும். அம்மாவுக்குக் குனிவது கஷ்டமென்றால் பாலத்தில் நின்றே அருவியை வடிவாகப் பார்க்கலாம்.

மேல் அருவிக்குத் தொடக்கத்திலிருந்து சுமார் 2.5 கி.மீ. கீழ் அருவிக்குப் பிறகு ஏற்றம் கூடும், படிகளும் வரும். தம்பி விரும்பினால் போய்வரட்டும், நீங்கள் அம்மாவோடு கீழேயே இருங்கள். சுமார் 30 மீட்டர் உயர அருவி அது, நல்ல அருவிதான். ஆனால் அதற்காக அவவின் முழங்காலை வருத்த வேண்டாம்.

ஏன் அங்கே இத்தனை அருவிகள் என்று அம்மா கேட்டால் சொல்லுங்கள்: சுண்ணாம்புக்கல்லை ஓடை அரித்துக்கொண்டே போகும், கடினமான டொலமைட் பாறை வருகிற இடத்தில் அரிப்பது மெதுவாகும், தண்ணீர் அங்கே படி மாதிரி விழும்.

இன்னொன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். படம் எடுக்க வேலிக்கு அப்பால் இறங்குகிறவர்களை அங்கே பார்ப்பீர்கள், நீங்கள் இறங்க வேண்டாம். வழுக்கினால் போவது உயிர். அதோடு அந்தப் பாறைச் சுவர்களில் கறுப்பு உழவாரன் குருவிகள் கூடு கட்டுகின்றன. கனடாவில் அழிந்துவரும் இனம், ஒரு ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஓடையோரம் ஆட்கள் மிதித்துத் திரிந்தால் அவை எங்கே போகும்?

பனிமலர்:
தேன்மொழி அக்கா, வெள்ளெனப் போங்கள். ஜூலையில் காலை 8 மணிக்கு முன்னம் போனால் கார் விட இடமும் இருக்கும், நடைபாதையும் நெருக்கமாக இராது. பிந்தினால் அந்த ஒடுங்கிய பாதையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அம்மாவுக்கு நின்று இளைப்பாற இடம் கிடைக்காது. பான்ஃப் ஊரிலிருந்து ரோம் (Roam) என்கிற உள்ளூர் பஸ் சேவையின் 9ஆம் இலக்க பஸ்ஸும் போகிறது, கார் விடுகிற கவலை இல்லை. உள்ளே வெயில் அவ்வளவாக வராது, ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

தேன்மொழி_ஸ்கார்பரோ:
மெத்தப் பெரிய உபகாரம் அண்ணா. பனிமலர், உங்களுக்கும் நன்றி. இரண்டு கேள்வி. அங்கே போகிற தெரு, போ வேலி பார்க்வே (Bow Valley Parkway), மூடியிருக்கும் என்கிறார்களே? மற்றது, இங்க் பொட்ஸ் என்று ஒரு இடமாம், அது பக்கத்திலா?

கல்கரிவாசி:
அந்தத் தெருவின் பான்ஃப் பக்கத்து 17 கி.மீ. துண்டை மே, ஜூனிலும் செப்டம்பரிலும் சைக்கிள்காரருக்காகக் கார்களுக்கு மூடுவது வழக்கம். ஜூலை என்றபடியால் அது உங்களைத் தடுக்காது. என்றாலும் புறப்படும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தாலும் பெருந்தெருவால் காசில் (Castle) சந்திக்குப் போய் மேற்குப் பக்கத்தால் வரலாம். தேசியப் பூங்கா அனுமதிச்சீட்டு பொதுவாக வேண்டும், அதையும் அறிவிப்பில் பாருங்கள்.

இங்க் பொட்ஸ் பக்கத்தில் இல்லை, ஒரு வழியே 6 கி.மீ. வரும். மேல் அருவிக்கு அப்பால் காட்டுக்குள்ளால் ஏறி, பிறகு ஒரு புல்வெளிக்கு இறங்க வேண்டும். நிலத்தடியிலிருந்து ஊறுகிற பச்சை, நீலக் குளங்கள், வருடம் முழுக்க 4 பாகை அளவில் குளிர்ந்திருக்கும். அம்மாவோடு போகும்போது அதை நினைக்கவே வேண்டாம்.

ரப்பர் அடி உள்ள சப்பாத்து போடுங்கள், செருப்பு வேண்டாம். மலசலகூடம் தொடக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய்விட்டு நடக்கத் தொடங்குங்கள்.

பனிமலர்:
அடுத்த முறை தம்பியைக் குளிர்காலத்தில் அனுப்புங்கள் அக்கா. மேல் அருவி உறைந்து நிற்கும், அதில் பனிக்கோடரியோடு ஏறுவார்கள். சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற முள்ளுப்பட்டி இல்லாமல் மட்டும் விட வேண்டாம், நடைபாதை முழுக்கக் கண்ணாடிப் பனி.