தலைக்கு 1500-ங்களா, தலைவருக்கு 1500-ங்களா?

காங்கயத்தான்: 'இலங்கைத் தமிழர் முகாமுக்கு அரசாங்கம் செய்யறது பத்தல'ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாருங்க. படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துருச்சு. பவானிசாகர் முகாமுல மாசாமாசம் தலைக்கு 1500. எம் பையன் பி.காம் முடிச்சு, வேலைவாய்ப்பு ஆபீசுல பதிஞ்சு, அஞ்சு வருசம் காத்துக் கெடந்தா மாசம் 600 ரூவா உதவித்தொகை. அதும் மூணே வருசம்.

பவானிக்கரை: தலைக்கு இல்லீங்ணா, குடும்பத் தலைவருக்கு. 2021-ல ஏத்துனது. மத்த பெரியவங்களுக்கு 1000, கொழந்தைக்கு 500.

காங்கயத்தான்: தலைவருக்கும் ஒரு தலைதானுங்க இருக்குது?

பவானிக்கரை: ரெண்டு கொழந்தை இருக்கற வீட்டுக்கு மொத்தமே 3500. தலைக்கு 875. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் போன மாசம் எருமை விசயத்துல...

காங்கயத்தான்: எருமையை எதுக்கு இழுக்கறீங்? தலைக்கு 1500. சொன்னா சொன்னதுதான்.

சோமனூர் தறி: அண்ணன் கெணத்து மோட்டாருக்குக் கரண்ட்டு பில்லு எவ்வளவுங்?

காங்கயத்தான்: ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் தறிக்கு ஓசியில ஓட்டற ஆளு கேக்கறாரு! நாங்க ஊருக்குச் சோறு போடறோம்.

சோமனூர் தறி: சோறா? உங்க தோட்டம் பூராத் தென்னைங்க.

பல்லடத்து அக்கா: அது கெடக்கட்டும். 600 வாங்கோணும்னா வீட்டு வருமானம் வருசத்துக்கு 72,000-க்குள்ள இருக்கோணுமே. அண்ணன் என்னன்னு எழுதிக் குடுத்தாரு?

காங்கயத்தான்: அது வீட்டு விசயம் அம்மிணி. நீங்க உரிமைத் தொகை 1000 வாங்கறதை நான் கேட்டனா?

பல்லடத்து அக்கா: எங்கீங் வாங்கறது? வருசத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல கரண்ட்டு போச்சுன்னு தள்ளிட்டாங்க.

முகாம்வாசி: நான் பவானிசாகர் முகாம்தான். அப்பா 1990-ல மன்னார்ல இருந்து வந்தவர். நான் பிறந்தது சத்தியமங்கலம் ஆஸ்பத்திரி. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்ததால, அப்பாவோ அம்மாவோ இந்தியரா இருந்தாத்தான் குடியுரிமை. அதனால இங்கேயே பிறந்தும் நான் வெளிநாட்டான். பெயிண்ட் அடிக்கப் போறேன். என் 1500-ஐ எடுத்துக்கிட்டு, அந்த 600-க்குப் பதியற தகுதியைக் குடுங்க அண்ணா. மாத்திக்கலாம்.

காங்கயத்தான்: தம்பி, உங்களை ஒண்ணும் சொல்லலீங். ஆனா 1500-ன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க!

பவானிக்கரை: அவரு குடும்பத் தலைவருங்ணா! அந்தக் காசையும் மாநிலம் குடுத்துட்டு மத்திய அரசுகிட்டத் திருப்பி வாங்கிக்குது.

காங்கயத்தான்: தில்லிக்கு மட்டும் காசு மரத்துலயா காய்க்குது? எங்க திருப்பூர் பனியன் குடுக்கற வரிதானுங்க.

சோமனூர் தறி: பனியன் தைக்கறது பீகார்ப் பசங்க. பெருமை காங்கயத்துக்கா?

காங்கயத்தான்: காங்கயம் திருப்பூர் மாவட்டந்தானுங்க.

பவானிக்கரை: 2009 வரைக்கும் எங்க ஈரோடு மாவட்டம்.

காங்கயத்தான்: அப்படி வாங்க வழிக்கு! அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல. பேச்சை மாத்தாதீங்க. தலைக்கு 1500, தலைக்கு 1500.

பல்லடத்து அக்கா: அந்த எருமை என்னாச்சுங்?