என்லார்ஜர் லென்ஸை ஃபிலிம் கேமராவுல மாட்டி படம் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

வெள்ளித்துகள்:
எல்லாருக்கும் வணக்கம். டார்க்ரூம் (பிரிண்ட் போடற இருட்டு ரூம்) வேலைய விட்டுட்ட ஒருத்தர்கிட்டேர்ந்து ஒரு என்லார்ஜர் (நெகட்டிவ பேப்பர்ல பெரிசாக்கி பிரிண்ட் போடற கருவி) வாங்குனேன், அதோட ரெண்டு லென்ஸ் சேர்ந்து வந்துச்சு. ஒண்ணு எல்-நிக்கோர் 50 எம்எம் எஃப் 2.8, இன்னொண்ணு காம்போனான்-எஸ் 80 எம்எம் எஃப் 4. ரெண்டுலயும் கண்ணாடி சுத்தமா இருக்கு, பூஞ்சை இல்ல. முதல் பிரிண்ட் போட்டப்ப மூலை வரைக்கும் கிரெய்ன் (ஃபிலிமோட வெள்ளித்துகள்) அவ்ளோ கூர்மையா நின்னுச்சு, அதப் பாத்ததுலேர்ந்து இதே லென்ஸால படமும் எடுத்தா எப்படி இருக்கும்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

கேமரா பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், எம்42 மரை (லென்ஸ திருகி மாட்டற 42 மி.மீ. அகல மவுண்ட்). லென்ஸ் ரெண்டும் எம்39, அதாவது 39 மி.மீ. மரை. நடுவுல போடற மெல்லிசு வளையம் ஒண்ணு வாங்கி 50ஐ மாட்டிப் பாத்தேன், கிட்டத்துல ஏதோ ஒரு தூரத்துல இருக்கறது மட்டும் தெளிவா இருக்கு, மத்ததெல்லாம் மங்கல், திருகி ஃபோகஸ் பண்ண லென்ஸ்ல எதுவுமே இல்ல. 80ஐ மாட்டுனா எந்த தூரத்துலயும் தெளிய மாட்டேங்குது. இத சரியா எப்படி மாட்டறது, எதுக்கு லாயக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெல்லோஸ்பிரியன்:
பத்து வருஷமா இதுல விளையாடிட்டு இருக்கேன் நண்பரே, சொல்றேன். என்லார்ஜர்ல ஃபோகஸ் பண்றது பெல்லோஸ் (மடிஞ்சு நீளற துருத்தி), அதனால லென்ஸ்ல ஹெலிகாய்ட் (திருகுனா நீளற ஃபோகஸ் குழாய்) வைக்க மாட்டாங்க. அந்த வேலைய நீங்கதான் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல செஞ்சு குடுக்கணும். எம்42 கேமராவுல மவுண்ட்லேர்ந்து ஃபிலிமுக்கு 45.46 மி.மீ. தூரம். 50 எம்எம் லென்ஸுக்கு இன்ஃபினிட்டி (ரொம்ப தூரத்துல இருக்கறது தெளியற ஃபோகஸ்) கிடைக்கணும்னா அதோட தோள் (மரை முடியற விளிம்பு) ஃபிலிம்லேர்ந்து கிட்டத்தட்ட அந்த தூரத்துலயே, இல்லைன்னா இன்னும் உள்ளயே உக்காரணும், ஹெலிகாய்ட் நுழைக்க இடமே கிடையாது. அதனால 50ஐ கிட்டத்துல எடுக்க மட்டும் வச்சுக்கோங்க. 17 மி.மீ. ஹெலிகாய்ட் போட்டாலே ஃபிலிம்ல விழற பிம்பம் பொருளோட சைஸ்ல மூணுல ஒரு பங்கு அளவுலதான் ஆரம்பிக்கும்.

உங்களுக்கு அதிர்ஷ்டம் 80லதான் இருக்கு. முதல்ல இத செய்யுங்க, லென்ஸ கையில புடிச்சு, தூரத்துல இருக்கற கட்டடத்தோட பிம்பத்த ஒரு வெள்ளைத்தாள்ல விழ வைங்க, நல்லா தெளிஞ்சதும் மரை முடியற தோள்லேர்ந்து தாள் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. அதுல 45.5ஐ கழிச்சா வர்றதுதான் நீங்க அடைக்க வேண்டிய இடைவெளி. 80 எம்எம் லென்ஸ்ங்கள்ல அது பொதுவா 25லேர்ந்து 35 மி.மீ.க்குள்ள வரும், லென்ஸுக்கு லென்ஸ் மாறும், அதனால கண்டிப்பா அளந்துட்டு வாங்குங்க. 17லேர்ந்து 31 மி.மீ. வரைக்கும் நீளற எம்42 ஹெலிகாய்ட் கிடைக்குது, பத்தலைன்னா பின்னாடி ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கண்ணாடி இல்லாத வெறும் குழாய்) சேத்துக்கலாம். நீளத்த கூட்டறது ஈஸி, குறைக்கத்தான் வழியில்ல, அதனால சின்ன ஹெலிகாய்டா பாத்து எடுங்க.

அப்புறம் முக்கியமான விஷயம், என்லார்ஜர்ங்கறது தலைகீழா நிக்கற கேமராதான். கேமராவுல ஃபிலிம் இருக்கற இடத்துல அங்க நெகட்டிவ் இருக்கு, நாம எடுக்கற பொருள் இருக்கற இடத்துல பேப்பர் இருக்கு, வெளிச்சம் போற திசை மட்டும்தான் வேற. 50 எம்எம் லென்ஸ்ங்கள பெரும்பாலும் எட்டு பத்து மடங்கு பெரிசாக்கறதுக்குத்தான் திருத்தி இருப்பாங்க, அப்ப அதே லென்ஸ் கேமராவுல பத்துல ஒரு பங்கு சைஸ்ல எடுக்கும்போதுதான் தன் சொந்த வீட்டுல இருக்கு. பொருள் லென்ஸ்லேர்ந்து அரை மீட்டருக்கு கொஞ்சம் மேல. அந்த தூரத்துல பழைய கடிதம், ஓவியம், சுவர், இலை, எத எடுத்தாலும் ஃபீல்டு தட்டையா (ஃபோகஸ் தளம் வளையாம) மூலை வரைக்கும் ஒரே கூர்மை, சாதாரண கேமரா லென்ஸ்ல அந்த தூரத்துல இது சுலபத்துல வராது. 80ஐ மலை, வானம்னு எடுக்கலாமான்னா தாராளமா எடுக்கலாம், அப்பர்ச்சர (லென்ஸ் உள்ள வெளிச்சம் புகற துளைய) எஃப் 8க்கு மூடுங்க, போதும்.

ஃபிக்ஸர்வாசம்:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. தூரத்துல இருக்கறத எடுக்கறதுக்காக இவ்ளோ மெனக்கெட வேண்டாம். எம்42 கேமராவுக்குன்னு வர்ற சாதாரண 50 எம்எம் லென்ஸே அதுக்குன்னு செஞ்சது, வெளிச்சமும் அதிகம், ஷட்டர் அமுக்கும்போது அப்பர்ச்சர் தானா மூடிக்கும். என்லார்ஜர் லென்ஸ்ல ஃபோகஸ் பண்ண முழுசா திறக்கணும், எடுக்க மூடணும், ஒவ்வொரு ஷாட்டுக்கும். ஆடாம அசையாம இருக்கற பொருளுக்கு சரி, ஓடற குழந்தைய எடுக்க முடியாது. கிட்டத்துல எடுக்கறதுக்கு பெல்லோஸ்பிரியன் சொன்னது எல்லாத்தையும் ஒத்துக்கறேன்.

சிவப்புவிளக்கு:
யாரும் சொல்லாத ஒண்ணு. அப்பர்ச்சர் நம்பர் இருட்டுல தெரியணும்னு நிறைய என்லார்ஜர் லென்ஸ்ல ஒரு வழி வச்சிருப்பாங்க, பின்னாடி லாம்ப் வெளிச்சம் உள்ள புகுந்து நம்பருக்கு அடியில வந்து நிக்கும். கேமராவுல அது அப்படியே திரும்பிடும், வெயில் நம்பர் ஜன்னல் வழியா புகுந்து பின்னாடி ஃபிலிம் பக்கம் கொட்டும். இது தெரியாம ஒரு முழு ரோல் போச்சு எனக்கு, எல்லா ஃப்ரேமும் ஒரு பக்கம் வெளிறி, நான் டெவலப்பர் (ஃபிலிம் கழுவற ரசாயனம்) மேல சந்தேகப்பட்டு புதுசா கலக்கி இன்னொரு ரோலும் எடுத்து அதுலயும் அதே வெளிறல் வந்தப்புறம்தான் லென்ஸ திருப்பி பல்புக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டுனா முடிஞ்சுது. உங்க 80ல அப்படி இருக்கான்னு மாட்டறதுக்கு முன்னாடியே பாத்துருங்க.

இன்னொண்ணு ஹூட் (லென்ஸ் முன்னாடி மாட்டற வெயில் மறைப்பு). இந்த லென்ஸ் எல்லாம் இருட்டு ரூம்ல வேலை செஞ்சு பழகினது, எதிர்வெயில் தெரியாது. அதுவும் 80 எம்எம் 6க்கு 6 செ.மீ. நெகட்டிவ மூடற லென்ஸ், 35 எம்எம் ஃபிலிமுக்கு தேவையானத விட பெரிய வட்டத்துல வெளிச்சத்த உள்ள விடும், அந்த மிச்சம் ட்யூபோட உள்சுவர்ல பட்டுத் தெறிச்சு கான்ட்ராஸ்ட்ட கெடுக்கும். ஆழமான ஹூட் போடுங்க, ட்யூப் உள்ள கருப்பு வெல்வெட் தாள் ஒட்டுங்க. ரெண்டும் செஞ்சா அதே லென்ஸ் வேற லென்ஸ் மாதிரி இருக்கும்.

தாள்நெகட்டிவ்:
பெரிய ஃபார்மட் பக்கம் இருக்கறவங்களுக்காக சேத்துக்கறேன். 150 எம்எம் எஃப் 5.6 என்லார்ஜர் லென்ஸ் 4க்கு 5 இன்ச் நெகட்டிவுக்குன்னே செஞ்சது, அத போர்டுல மாட்டி வ்யூ கேமராவுல (பெல்லோஸ் வச்ச பெரிய கேமரா) வச்சிருக்கேன். ஷட்டர் இல்ல, ஆனா நான் ஃபிலிமுக்கு பதிலா பிரிண்டிங் பேப்பர வச்சு எடுக்கறேன், அதோட வேகம் ஐஎஸ்ஓ 6 மாதிரிதான், எஃப் 22க்கு மூடிட்டா நிழல்ல எக்ஸ்போஷர் பல செகண்ட் போகும், லென்ஸ் கேப்ப கையால கழட்டி மாட்டறதே போதும். தூரத்துல ஃபோகஸ் பண்ணும்போது லென்ஸ் விடற வெளிச்ச வட்டம் கொஞ்சம் சுருங்கும், அதனால லென்ஸ ரொம்ப மேல கீழ நகத்த முடியாது, மூலை இருட்டிரும். கையில லைட் மீட்டர் வச்சு அளக்கறவங்க கிட்டத்துல எடுக்கும்போது பெல்லோஸ் நீளத்துக்கு வெளிச்சம் கூட்டணும், ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ்ல (பிம்பமும் பொருளும் ஒரே அளவு) முழுசா ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு.

வெள்ளித்துகள்:
இவ்ளோ பேர் இவ்ளோ பொறுமையா எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க. டார்ச் அடிச்சுப் பாத்தேன், 80ல நம்பர் பக்கம் வெளிச்சம் வருது, டேப் ஒட்டிட்டேன். ஒரு சந்தேகம், 50ஐ வச்சு ஒண்ணுக்கு ஒண்ணுக்கு மேல, பூச்சி கண்ணு மாதிரி எடுக்கணும்னா?

பெல்லோஸ்பிரியன்:
அப்ப லென்ஸ திருப்பி மாட்டுங்க, முன்பக்கம் கேமராவ பாக்கட்டும். இப்ப ஃபிலிம்ல விழற பிம்பம் பொருள விட பெருசு, அதாவது ஃபிலிம் பேப்பரோட இடத்துக்கு வந்துருச்சு, லென்ஸும் அதுக்கேத்த மாதிரி திரும்பணும். முன்னாடி இருக்கற ஃபில்டர் மரைக்கு ஏத்த ரிவர்ஸ் ரிங் போதும். ரொம்ப மூடாதீங்க, ஒண்ணுக்கு ஒண்ணுலயே 5.6ங்கறது உண்மையில 11 மாதிரி நடந்துக்கும், அதுக்கு மேல போகப் போக டிஃப்ராக்ஷன் (சின்ன துளைல வெளிச்சம் வளைஞ்சு பரவறது) கூர்மைய தின்னுரும். 4 அல்லது 5.6லயே நில்லுங்க. ஸ்பாட்மேட்டிக் மீட்டர் லென்ஸ் வழியாத்தான் பாக்குது, அதனால வெளிச்சக் கணக்கு நீங்க போட வேண்டாம், அப்பர்ச்சர மூடிட்டு முள்ள நடுவுல நிறுத்துங்க.

வெள்ளித்துகள்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அளந்து பாத்துத்தான் ஹெலிகாய்ட் வாங்குனேன், சின்ன ட்யூப் ஒண்ணும் சேக்க வேண்டி வந்துச்சு, இன்ஃபினிட்டி கச்சிதமா நிக்குது. ஒரு ரோல் முடிச்சேன். எதிர்வெயில்ல எடுத்த நாலு ஃப்ரேம் ஹூட் பத்தாம வெளிறிருக்கு, இன்னும் நீளமா ஒண்ணு செய்யணும். மத்ததுல, ஒரு மீட்டர் தூரத்துல எங்க பாட்டி கைய எடுத்தேன், எஃப் 5.6, ஜன்னல் வெளிச்சம். அந்த நெகட்டிவ என்லார்ஜர்ல வச்சு, கேமராவுலேர்ந்து அதே 80ஐ கழட்டி மாட்டி பிரிண்ட் போட்டேன். தோல்ல இருக்கற ஒவ்வொரு கோடும் டெவலப்பர் தட்டுல மேல எழும்பி வந்துச்சு. பிரிண்ட் காயட்டும், ஸ்கேன் பண்ணிப் போடறேன்.