மறு: டிரக் பெட் எக்ஸ்டெண்டர் – தமிழில் என்ன பெயர்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வண்டிக்குப் பின்னால் நீளும் சரக்கை ஏந்தும் 'டிரக் பெட் எக்ஸ்டெண்டர்' கருவிக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒரு தாளில் எழுதி, சேலத்தில் என் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். 'சரக்குந்துப் படுக்கை நீட்டிப்பான்', 'தள நீட்சி', 'பின்னீட்டி', 'பின்பார்' என்று நான்கு. வெல்டிங் வேலைக்கு வரும் தம்பி முதல் சொல்லைப் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குங்களாண்ணா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். படுக்கை என்றால் அவருக்கு ஆள் படுப்பதுதான். லாரியின் பின்பகுதியைச் சேலம், நாமக்கல், சங்ககிரி எங்கே போய்க் கேட்டாலும் பாடி என்பார்கள், லோடு பாடி என்பார்கள். படுக்கை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலக்காரர் அதை பெட் என்கிறார் என்பதற்காக நாமும் பாய் விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்குள்ள வருத்தம் 'படுக்கை'யோடு நிற்கவில்லை. 'நீட்டிப்பான்', 'நீட்சி', 'நீட்டி' மூன்றையும் நான் மறுக்கிறேன். காரணம் இலக்கணம் அல்ல, வளைந்துபோன ஓர் இரும்பு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், படம் பார்க்காதவர்களுக்காக. அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்புறம், பம்பருக்குக் கீழே, இழுவைக்கென்று ஒரு சதுரக் குழாய் வாய் இருக்கும். பெரும்பாலும் 2 அங்குலம். அதில் ஒரு சதுர ட்யூப்பைச் செருகி, பக்கவாட்டில் பூட்டுக்கம்பி (பின்) அடித்துப் பூட்டுவார்கள். ட்யூப் பின்பக்கமாக நாலடி போல நீண்டு, அங்கிருந்து ஒரு கால் மேலே எழும்பி, அதன் தலையில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். எட்டடி பாடியில் பதினாலடிப் பலகையை வைத்தால் வெளியே தொங்கும் முனை இந்தக் கட்டையின் மேல் உட்காரும். கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே வெல்டிங் வைத்துச் செய்துகொள்கிறவர்கள் அங்கே நிறைய.

என் சித்தப்பா மகனுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. மூங்கில், மிளகு பறிக்கும் ஏணி, தண்ணீர்க் குழாய் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டும். நம் பிக்கப்புகளில் அந்தக் குழாய் வாய் கிடையாது. 60-க்கு 60, 4 மி.மீ. ட்யூப்பை உறையாக வைத்து, 50-க்கு 50, 3 மி.மீ. ட்யூப்பை உள்ளே விட்டேன். கணக்குப்படி உள்வாய் 52 மி.மீ., இரண்டு மில்லி இடம் இருக்க வேண்டும். ஆனால் ட்யூப்பின் உட்புறம் தையல் போல ஓடும் வெல்டிங் வரி அந்த இடத்தைத் தின்றுவிடுகிறது. நீளமான அரத்தை விட்டு அதை ராவி எடுக்கவே அரை நாள் ஆனது. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டை வைத்து யூ போல்ட்டால் கவ்வ வைத்தேன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் மூங்கில் ஏற்றியபோது, நுனிப் பக்கம் குதிக்கிறது என்று 50 கிலோ காம்ப்ளக்ஸ் உர மூட்டை இரண்டைத் தூக்கிக் குறுக்குக் கட்டையின் மேலேயே வைத்துவிட்டார்கள். தோட்டப் பாதையில் மழைநீர் அரித்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது ட்யூப் மடிந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு ஏனப்பா மூட்டையை அங்கே வைத்தாய் என்றேன். சித்தப்பா மகன் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "அண்ணா, நீங்கதானே பாடியை நீட்டித் தந்தீங்க?"

அவன் மேல் தவறில்லை. நான்தான் அதை 'எக்ஸ்டென்ஷன்' என்று சொல்லிக் கொடுத்தேன். நீட்டிய பாடி என்றால் மூட்டை வைக்கத்தான் செய்வார்கள்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 100 கிலோ, பூட்டிய இடத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளி: ஏறக்குறைய 1,180 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன். அந்த ட்யூப்பின் வெட்டுமுகக் கெழு (அதன் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) சுமார் 8,340 கன மி.மீ. வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 141 நியூட்டன். ஐ.எஸ். 4923 (இந்தியத் தர விதி) ட்யூப் ரகத்தைப் பொறுத்து 210, 240 என்ற அளவில்தான் நெகிழத் தொடங்கும். ஆக, நிற்கும் வண்டியில் இரும்பு தாங்கியிருக்கும். பள்ளத்தில் குலுங்கும்போது அதே எடை இரு மடங்காக அடித்தால் 282. முடிந்தது கதை. அதோடு நான் பூட்டுத் துளையை மேல் முகத்தில் போட்டிருந்தேன். இழுவிசை உச்சமாக இருக்கும் இடம் அதுதான். மடிந்ததும் சரியாக அந்தத் துளையில்தான். பக்க முகத்தின் நடுவில் போட்டிருக்க வேண்டும், அங்கே வளைவின் இழுப்பும் அழுத்தமும் இல்லாத கோடு ஓடுகிறது. அமெரிக்க வண்டிகளில் பூட்டுக்கம்பி பக்கவாட்டில் போவதைப் படத்தில் பார்த்தும் நான் யோசிக்கவில்லை.

வண்டிக்கும் கேடுதான். பின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடிக்காது. மலைச்சரிவில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, இந்தக் கருவியின் பெயர் 'எடை இங்கே வைக்காதே' என்று தானே சொல்ல வேண்டும். எடை பாடியில் இருக்க வேண்டும். வெளியே தொங்கும் வாலை மட்டும் இது ஏந்தும். தாங்கி என்பது நமக்குப் பழகிய விகுதி: சுமைதாங்கி, இடிதாங்கி. எது தாங்கப்படுகிறதோ அது முன்னே நிற்கும். அதனால் என் முன்மொழிவு வால்தாங்கி.

நாமக்கல் ஐயா எழுதியிருந்த 'பின்பார்' பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுவண்டியின் இரு நெடுஞ்சட்டமும் பார்தான். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, உப்பு விற்ற உமணரின் வண்டியைச் சொல்லும்போது 'பரூஉக்கை நோன்பார்' என்கிறது. தடித்த கைகளை உடைய வலிய சட்டம். அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் பார் என்பது வண்டியின் முழுச் சுமையையும் சுமக்கும் உறுப்பு, இன்றைய சேஸுக்கு ஈடானது. இந்தச் சிறு கருவிக்கு அதைக் கொடுத்தால் மறுபடியும் யாராவது மூட்டை வைப்பார்கள். சேஸுக்கு ஒரு நாள் பெயர் தேடும்போது பாரை எடுத்துக்கொள்வோம், ஐயா. பத்திரமாக இருக்கட்டும்.

சேலத்திலிருந்து,
பட்டறைக்காரன்

———

அண்ணா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் சின்னத் தோட்டம்தான், லோடு ஏற்றும்போது நானே பக்கத்தில் நிற்பவள்.

> எடை பாடியில் இருக்க வேண்டும். வெளியே தொங்கும் வாலை மட்டும் இது ஏந்தும்.

இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வால்' எனக்கு ஒட்டவில்லை. ஒன்று, வாய்விட்டுச் சொன்னால் பலர் காதில் வாள்தாங்கி என்றுதான் விழும். இரண்டு, கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவதுபோல வாலும் தாங்கியும் சேர்ந்தால் வாற்றாங்கி. அப்படி எழுத வேண்டும் என்று ஒருவர் வருவார், வேண்டாம் என்று ஒருவர் வருவார், இழை இன்னும் ஒரு மாதம் போகும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மூங்கில் ஏற்றும்போது எங்கள் லோடுமேன்கள் யாரும் தலை, வால் என்று சொல்வதில்லை. "அடி உள்ள, நுனி வெளிய" என்பார்கள். மூங்கிலுக்கு அடி தடிமன், நுனி மெலிவு. அடியைக் கேபின் பக்கம் தள்ளி, நுனியைப் பின்னால் விட்டால் பாதிக்கு மேல் எடை தானாகவே பாடிக்குள் வந்துவிடும். மாற்றி ஏற்றினால் பாரம் முழுக்கப் பின்னால். புதுப் பையன்கள் வந்தால் முதல் பாடமே இதுதான்.

அதனால் நுனிதாங்கி என்று வைத்தால், பெயரைக் கேட்டவுடனே எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நுனிதான் அங்கே வரவேண்டும், அடி வரக்கூடாது. புணர்ச்சிச் சண்டையும் இல்லை. சுமைதாங்கி மாதிரி அப்படியே சேரும். குழாய்க்கு அடி நுனி உண்டா என்று கேட்பீர்கள். இரண்டு முனையும் நுனிதான், எது வெளியே வந்தாலும் பொருந்தும்.

இன்னொன்று. போன வாரம் இழையில் வந்த இரண்டாவது படத்தில் இருப்பது வேறு கருவி. பின்கதவைக் கீழே சாய்த்து, அதன் மேல் மூன்று பக்கமும் குழாய்க் கம்பி வேலி போல நிற்க வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் இதே பெயர். அது சாமான் விழாமல் தடுக்கிறது, எதையும் தாங்கவில்லை. எருவண்டிக்கு எங்கள் தாத்தா மூங்கில் மிலாறு பின்னிப் படல் கட்டுவார், பட்டி ஆட்டுக்கும் படல்தான். அதை பின்படல் என்று தனியாகப் பிரித்துவிடலாமே? ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்க வேண்டாம்.

———

அம்மா,

நுனிதாங்கி. சுவரில் இருந்த தாளில் மற்ற நான்கையும் அடித்துவிட்டு இதை எழுதிவிட்டேன். வால்தாங்கியையும் சேர்த்து அடித்தேன். "அடி உள்ள, நுனி வெளிய" என்பதைப் பட்டறையில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இரும்புக் கம்பி ஏற்றுகிறவர்களும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். பெயர் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது.

பின்படலையும் மனமார ஏற்கிறேன். அதுதான் உண்மையிலேயே பாடியை நீட்டுவது. ஆனால் தாங்குவது பின்கதவும் அதன் சங்கிலியும்தான் என்பதால் அதன் விளக்கத்திலும் எடை பற்றி ஒரு வரி வேண்டும்.

நுனிதாங்கிக்கு ஒரு வரம்பும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. இருபதடிக் குழாயை எட்டடி பாடியில் தரையோடு வைத்தால் அதன் நடு பத்தாவது அடியில், அதாவது பாடிக்கு வெளியே இரண்டடியில் விழுகிறது. நாலடி தள்ளி நுனிதாங்கி நின்றால் பாதி எடை அதன் மேல் வந்துவிடும். அது நுனியைத் தாங்கும் வேலை இல்லை. அப்படிப்பட்ட சரக்கு கேபினுக்கு மேலே உள்ள கம்பிச் சட்டத்தில் சாய்த்துப் போக வேண்டியது, அல்லது நீளமான வண்டியில். பதினாலடி என்றால் நடு ஏழாவது அடியில், பாடிக்குள்ளேயே நிற்கும்.

சட்டத்தையும் சேர்க்காமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 194(1அ) பிரிவுப்படி, அனுமதித்த எல்லையை மீறிச் சரக்கு பின்னால் நீண்டால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் கூலியும் நம் தலையில். 2019 திருத்தத்தில் வந்தது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 52-ஆம் பிரிவு தனியே இருக்கிறது. அமெரிக்காவில் வணிக வண்டிகளுக்குப் பின்னால் நாலடிக்கு மேல் நீண்டால் 18 அங்குலச் சதுரத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற ஒளிர்கொடி கட்ட வேண்டும் என்று மைய விதி சொல்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே கொடி மட்டும் கட்டிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கிவிடக் கூடாது. பின்னால் பைக்கில் வருகிறவர் இருட்டில் அந்த நுனியில்தான் வந்து மோதுவார். நாங்கள் செய்தது தோட்டத்து வேலிக்குள் ஓடுவதற்கு மட்டும். கேட்டைத் தாண்டும்போது கழற்றிவிடுகிறோம்.

குழுமத்தின் சொற்பட்டியலுக்கு இப்படி எழுதலாமா, பாருங்கள்:

நுனிதாங்கி (பெயர்ச்சொல்): சரக்கு வண்டியின் சேஸில் செருகிப் பூட்டி, பாடிக்குப் பின்னால் தொங்கும் நீளச் சரக்கின் நுனியை ஏந்தும், கழற்றக்கூடிய சட்டம். சரக்கின் நடு எடை பாடிக்குள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துவது. இதன் மேல் தனிச் சுமை ஏற்றுவதில்லை.

பின்படல் (பெயர்ச்சொல்): சாய்த்த பின்கதவின் மேல் மூன்று பக்கமும் நிற்கும் தடுப்பு வேலி. பாரம் பின்கதவு தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

குறுக்குக் கட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று யாரோ கேட்டிருந்தார்கள். அது குறுக்குக் கட்டைதான். எல்லாருக்கும் தெரிகிற சொல் இருக்கும்போது புதிது தேட வேண்டாம்.

புது ட்யூப் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை 4 மி.மீ. உறையையும் அதற்கேற்ற தடிமனில் மாற்றுகிறேன். துளை பக்க முகத்தில். குறுக்குக் கட்டையின் மேல் சிவப்புப் பெயின்டில் 'நுனி மட்டும்' என்று எழுதி ஏற்காட்டுத் தம்பிக்கு அனுப்பப் போகிறேன்.

சேலத்திலிருந்து,
பட்டறைக்காரன்