வீட்டு பார் கவுன்டர்: 11 இஞ்ச் வெளிய நீட்டுற பலாப் பலகைக்கு என்ன முண்டு குடுக்கிறது?

கடற்கரைக்காரன் (உப்புவெளி)

எல்லாருக்கும் வணக்கம். பின் விறாந்தையில ஒரு சின்ன பார் கவுன்டர் நானே செய்வம் எண்டு இறங்கியிருக்கன். கல்லு வைக்கிறது, பூச்சு வேலை எல்லாம் கைவரும், மரவேலையும் ஓரளவு செய்வன், ஆனா பலகைக்கு முண்டு குடுக்கிற இடத்துல வந்து வேலை நிக்குது, அதான் தெரிஞ்ச ஆக்களிட்ட கேப்பம் எண்டு.

குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவுல 4 இஞ்ச் புளொக் கல்லுல ஒரு அரைச்சுவர் ஏற்கனவே இருக்கு. உயரம் 38 இஞ்ச், நீளம் 7 அடி, தடிப்பம் பூச்சோட 5 இஞ்ச். ஒரு முனை வீட்டுச் சுவரோட சேருது, மற்ற முனை சும்மா நிக்குது. அதுக்கு மேல 18 இஞ்ச் அகலத்துல பலகை போடோணும். குசினிப் பக்கம் 2 இஞ்ச் நீட்டி, ஆக்கள் இருக்கிற விறாந்தைப் பக்கம் 11 இஞ்ச் நீட்டினாத்தான் ஸ்டூல்ல இருக்கிறவங்கட முழங்கால் சுவர்ல முட்டாது. அந்த 11 இஞ்ச்தான் பிரச்சினை.

பலகை தம்பலகாமத்துல மாமாட வளவுல நிண்ட பலா. பெர்மிட் எடுத்து வெட்டி, போன மாரிக்கு முதலே அரிஞ்சு, இடையில சிலாகை குடுத்து அடுக்கி நிழல்ல காயவிட்டது. ஒண்டரை இஞ்ச் தடிப்பம், 9 இஞ்ச் அகலத்துல ரெண்டு, சேத்து ஒட்டினா 18 வரும். நல்ல மஞ்சள் வைரம் (மரத்துட உள் பக்கம்), ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிறு (பட்டைக்குக் கிட்ட உள்ள மெது மரம்) இருக்கு.

வெல்டிங் கடையில கேட்டன், சுவருக்கு மேல 10 எம்எம் பட்டை இரும்பு நாலு குறுக்கப் போட்டு ரோல் பிளக் (ஆணி பிடிக்கிறதுக்கு சுவர்த் துளைக்குள்ள வைக்கிற பிளாஸ்டிக் குழாய்) அடிச்சு இறுக்கினாக் காணும் எண்டாங்க. எனக்கு மனம் கேக்குதில்ல. கனடாவில இருந்து அண்ணா குடும்பம் ஆடிக்கு வருது, பிள்ளைகள் அதுல ஏறி இருக்காம விடாதுகள். பட்டை இரும்பு காணுமா, பிறக்கட் போடவா, இல்லாட்டி முன்னுக்குக் கால் குடுக்கவா?

மட்டக்கோல் (உவர்மலை)

தம்பி, உங்கட மனம் கேக்காதது சரிதான், அந்த முறை வேண்டாம். கணக்காச் சொல்லுறன். பலகை ஓரத்துல 80 கிலோ ஆள் ஒருத்தர் எம்பி ஏறி இருக்கிறார் எண்டு வைங்க. பாரம் சுவர் முகத்துல இருந்து 11 இஞ்ச் தள்ளி நிக்குது. உங்கட ஆணி சுவருக்கு நடுவுல, அதாவது முகத்துல இருந்து ரெண்டரை இஞ்ச். பட்டை இரும்பு சுவர் விளிம்புல ஊண்டிக்கொண்டு ஆணிய மேல இழுக்கும், சுத்தியல்ட பின் பக்கத்தால ஆணி பிடுங்கிற அதே வேலை. 80ஐ 11ஆல பெருக்கி ரெண்டரையால பிரிச்சுப் பாருங்க, 350 கிலோவுக்கு மேல வருது. அவ்வளவு இழுவையையும் பிடிக்கப்போறது புளொக் கல்லுட மேல் ஓடு, உள்ளுக்கு வெறும் பொந்து. ரோல் பிளக் அதுல என்னத்தப் பிடிக்கும்?

அதே பாரத்துக்கு, சுவர் முகத்தோட 12 இஞ்ச் கீழ இறங்குற எல் பிறக்கட் போட்டா மேல் போல்ட்டுக்கு வாற இழுவை 90 கிலோவுக்குக் கிட்டத்தான். பிறக்கட்ட கை (பலகைக்குக் கீழ நீட்டுற பக்கம்) எவ்வளவு நீட்டுதோ அதுட கால் (சுவரோட இறங்குற பக்கம்) அவ்வளவாவது கீழ இறங்கோணும், இத விட்டுடாதீங்க. 40க்கு 40 பொக்ஸ் பார், 3 எம்எம் தடிப்பம், மூலையில 4 இஞ்ச் முக்கோணத் தகடு ஒண்டு வச்சு வெல்ட் பண்ணச் சொல்லுங்க. பெரிய சரிவுக் கம்பி வேண்டாம், முழங்கால்ல இடிக்கும். கை 8, 9 இஞ்ச் நீட்டினாக் காணும், மிச்ச ரெண்டு இஞ்ச்சயும் பலகை தானே தாங்கும், இரும்பும் வெளிய தெரியாது. ரெண்டு முனையிலயும் 6 இஞ்ச் விட்டு, பிறகு 2 அடிக்கு ஒண்டா வச்சீங்க எண்டா ஏழடிக்கு நாலு பிறக்கட் நேராக் கணக்கா வரும்.

போல்ட் 12 எம்எம். சுவரத் துளைச்சு மறுபக்கம் போய், குசினிப் பக்கத்துல 3 இஞ்ச் சதுரத் தகடு வச்சு நட் இறுக்கோணும். போல்ட் வாற கல்லுகள்ட பொந்துக்குள்ள முதல் கொங்கிறீட் நிரப்புங்க, இல்லாட்டி இறுக்கேக்க கல்லு நொறுங்கும். உங்களுக்கு உயரமும் குறையுது. பாருக்கு 42 இஞ்ச் வழமை, 30 இஞ்ச் ஸ்டூலுக்கு அது சரியா இருக்கும். சுவர் 38, பலகை ஒண்டரை, மிச்சம் ரெண்டரை இஞ்ச். அந்த ரெண்டரைக்கு சுவர் நீளத்துக்கும் 10 எம்எம் கம்பி ரெண்டு ஓடவிட்டு ஒரு கொங்கிறீட் பட்டி ஊத்துங்க, ஊத்தேக்கயே பொந்தும் நிரம்பிடும், உயரமும் வந்திடும். ஊத்தி ஒரு கிழமையாவது ஈரச்சாக்கு போட்டு தண்ணி விடுங்க, அதுக்குப் பிறகுதான் போல்ட்.

இதவிடப் பெரிய விசயம் அந்த சும்மா நிக்கிற முனை. 4 இஞ்ச் சுவர் 7 அடி நீளத்துக்கு ஒரு பக்கம் பிடிமானம் இல்லாம நிண்டா பிறக்கட் எவ்வளவு பலமா இருந்தும் வேலையில்ல, ஆக்கள் சாயேக்க சுவரே ஆடும். அந்த முனைய ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒருக்கா ஆட்டிப் பாத்துச் சொல்லுங்க. அத்திவாரம் இருக்கா, இல்ல நிலத்துக்கு மேல நேரா வச்ச சுவரா எண்டும் சொல்லுங்க.

வாடைக்காத்து (நிலாவெளி)

அண்ணாட கணக்கோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நான் இரும்பப் பத்தியும் பொலிஷப் பத்தியும் சொல்லுறன் தம்பி, ஏனெண்டா எங்கட வீட்டுக் கவுன்டர் கடலுக்குக் கூப்பிடு தூரத்துல, உப்புக் காத்து என்ன செய்யும் எண்டு நாள் தவறாமப் பாக்கிறன்.

பொக்ஸ் பார் வெளியால துருப்பிடிச்சா கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் போட்டு பெயின்ற் அடிக்கலாம். உள்ளுக்கால தின்னுறது தெரியாது, ஒரு நாள் கையால அமத்தினா உள்ள போகும். அதால வெட்டின முனையெல்லாம் தகடு வச்சு முழுசா மூடச் சொல்லுங்க. கல்வனைஸ் பார் வாங்கினாலும் வெல்ட் பண்ணின இடத்துல நாகப் பூச்சு எரிஞ்சு போயிருக்கும், முதல் துரு அங்கதான் வரும், கம்பித் தூரிகையால நல்லாத் தேச்சுப் போட்டு சிங் (நாகம்) பெயின்ற் ரெண்டு கோட் அடிங்க. ஸ்டெயின்லஸ் எண்டு கடையில குடுக்கிறது அனேகமா 304 எண்ட தரம், கடலுக்குக் கிட்ட அதுலயும் பழுப்புக் கறை படியும். 316 எண்டு கேட்டு வாங்குங்க, அதுல மொலிப்டினம் சேந்திருக்கு, உப்புக்குத் தாக்குப் பிடிக்கும். பிறக்கட் முழுக்க அதுல செய்யப் போனா காசு கட்டாது, போல்ட்டும் பலகைக்கு அடிக்கிற ஸ்குறூ ஆணியும் மட்டும் 316ல போட்டாக் காணும். சும்மா இரும்பு ஆணி போட்டா துருவுக் கறை மரத்துக்குள்ள ஊறி கறுப்பா நிக்கும், அது பிறகு போகாது.

பார் எண்டபடியா இன்னொண்டு கட்டாயம் சொல்லோணும். பிரெஞ்சுப் பொலிஷ் அடிக்கவே வேண்டாம். பாக்க வடிவுதான், ஆனா அந்தப் பொலிஷில இருக்கிற அரக்கக் கரைக்கிறதே ஸ்பிரிட்டுலதான், அப்ப அதுக்கு மேல சாராயம் ஊத்துப்பட்டு நிண்டா என்ன நடக்கும்? அந்த இடம் இளகி, கிளாஸ் அடி வட்டமா அப்படியே பதிஞ்சிடும், துடைக்கத் துடைக்க இன்னும் பரவும். ரெண்டு டப்பா சேத்துக் கலக்கிற போலியுரித்தேன் அடிங்க, கோட்டுக்குக் கோட் இடையில 320 உப்புத்தாள் போட்டு லேசாத் தேச்சு, தூசியத் துடைச்சுப் போட்டு அடுத்தது. இப்ப எல்லாரும் எபொக்ஸி தடிப்பமா ஊத்துறாங்க, விறாந்தையில வெயில் படுற இடம் எண்டா அது மஞ்சளாப் போகும், பலாவுட நிறம் தானே அழகு, அத ஏன் மூடுவான்.

ஸ்காபரோவாசி

ஊர்ப் பெயரக் கண்டதும் வாசிச்சன், சந்தோசம். இஞ்ச கனடாவில வீட்டு நிலவறைகள்ல பார் கட்டுற வேலை நான் கனக்கச் செய்யிறனான். தம்பி கிறனைட் யோசிக்கல்லயா? துடைச்சா முடிஞ்சுது, பொலிஷ் வேலையே இல்ல. 20 எம்எம் கல்லு உங்கட அளவுக்கு 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும், ஆனா கல்லு மரம் மாதிரி வளையாது, நேரா வெடிக்கும், அதால 11 இஞ்ச் நீட்டுறதெண்டா கீழ பிளைவூட் இல்லாட்டி இரும்புச் சட்டம் முழுக்கக் குடுக்கோணும்.

மற்றது, கால் குடுக்கிறதப் பத்திக் கேட்டீங்க, ஒருத்தரும் பதில் சொல்லல்ல. முன் ஓரத்துக்குக் கீழ ரெண்டு இஞ்ச் ஸ்டெயின்லஸ் பைப் மூண்டு நட்டா மேல சொன்ன இழுவைக் கணக்கே இல்லாமப் போகுது, பாரம் நேரா நிலத்துக்குப் போகும். அந்தப் பைப்புகள இணைச்சு நிலத்துல இருந்து 8 இஞ்ச் உயரத்துல கால் வைக்கிற கம்பியும் போடலாம். 42 இஞ்ச் பாருக்கு கால் கம்பி இல்லாட்டி ஒருத்தரும் கனநேரம் இருக்கமாட்டாங்க, தொங்குற கால் விறைச்சுப் போகும்.

ஓடாவி மகன் (மூதூர்)

பலாவ விட்டுட்டு கல்லுக்குப் போகாதீங்க அண்ணா, மாமாட வளவு மரம், அதுட நிறம் வருசம் போகப் போக மஞ்சள்ல இருந்து செம்மண்ணிறமாகும், அந்த வடிவு எந்தக் கல்லுலயும் வராது. கால் குடுக்கிறதும் பிழையில்லத்தான், ஆனா ஏழடியில மூண்டு பேர் தாராளமா இருக்கலாம், ஆளுக்கு ரெண்டடி கணக்கு, அதுக்குள்ள மூண்டு பைப் நிண்டா ஸ்டூல் இழுக்கிற நேரமெல்லாம் இடிக்கும். கால் கம்பிய சுவர்ல இருந்தே எடுக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேற. இவ்வளவு பேரும் பலகையத் தாங்குறதப் பத்தித்தான் சொன்னீங்க, பலகை அசையிறதப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. 18 இஞ்ச் அகலப் பலகை வரண்ட கச்சான் காத்துக்கு ஒடுங்கும், மாரியில வாடை வீசேக்க ஊதும், ரெண்டுக்கும் இடையில கால் இஞ்ச்சுக்குக் கிட்ட வித்தியாசம் வரலாம். நீளப்பாட்டுக்கு அசைவு இல்லாத மாதிரித்தான், அகலத்துக்குத்தான் எல்லாம். பிறக்கட்டுல வட்டத் துளை போட்டு எல்லா ஆணியையும் இறுக்கிட்டா, ஒடுங்க வழியில்லாம பலகை நடுவால பிளக்கும், இல்லாட்டி ஒட்டின மூட்டு விடும். அதால சுவர்ப் பக்கத்து ஆணிக்கு மட்டும் வட்டத் துளை, முன் பக்கத்து ஆணிக்கு கை நீளப்பாட்டுக்கு அரை இஞ்ச் நீட்டுத் துளை, அகலமான வாசர் போட்டு, பலகை நகரக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்குங்க. எங்கட அப்பா மேசைப் பலகைக்கெல்லாம் இப்பிடித்தான் செய்வார், எத்தனையோ மாரி கண்ட மேசைகள் இன்னும் வெடிப்பில்லாம நிக்குது.

பொலிஷ் அடிக்கேக்க அடிப்பக்கத்துக்கும் மேல அடிச்ச அத்தனை கோட்டும் அடிங்க. மேல மட்டும் மூடி கீழ விட்டா ஈரம் கீழாலதான் ஏறும், பலகை கிண்ணம் மாதிரி வளைஞ்சு போகும். வெட்டு முகத்துக்கு இன்னும் ஒரு கோட் கூட. அந்த வெளிற கட்டாயம் சீவி எறியுங்க, வைரத்த கறையான் லேசில தொடாது ஆனா வெளிறு இருந்தா அதுக்கு விருந்து. சீவினா அகலம் குறையும், அதே மரத்துல ஒரு துண்டு இருந்தா நடுவுல மூண்டாவதா வச்சு ஒட்டுங்க, ஓரத்துல ஒட்டாதீங்க, கை படுற இடம். பசை தண்ணிக்கு விடாத வகை வேணும், கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்க.

கடற்கரைக்காரன் (உப்புவெளி)

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு விளக்கமா வரும் எண்டு நினைக்கல்ல. மட்டக்கோல் அண்ணா சொன்ன மாதிரி முனையப் பிடிச்சு ஆட்டினன், மெல்லிசா ஆடுது. ஓரத்துல நிலத்தக் கொத்திப் பாத்தா அத்திவாரம் இல்ல, நிலத்துக் கொங்கிறீட்டுக்கு மேல நேரா வச்ச சுவர்தான். அப்ப முதல் வேலை அந்த முனையில ஒரு தூண். கிறனைட்டும் கால் பைப்பும் வேண்டாம் எண்டு முடிவெடுத்தன், பிறக்கட்தான். கால் கம்பி மட்டும் ஸ்காபரோ அண்ணா சொன்ன 8 இஞ்ச்சுல போடுறன். ஒரு துண்டுப் பலாவும் மிச்சம் கிடக்கு, அத நடுவுல வைக்கலாம்.

தூணுக்கு என்ன அளவு? மற்றது, வீட்டுச் சுவரோட சேருற முனையில பலகைய சுவருக்குள்ள ரெண்டு இஞ்ச் கொத்தி உள்ள விட்டா இன்னும் பிடிமானமா இருக்குமா?

மட்டக்கோல் (உவர்மலை)

தூணுக்கு நிலத்த உடைச்சு ஒண்டரை அடிச் சதுரக் குழி எடுத்து கீழ கொங்கிறீட் பாதம் போடுங்க. தூண் 6க்கு 6 இஞ்ச், 10 எம்எம் கம்பி நாலு, 6 எம்எம் வளையம் 6 இஞ்ச்சுக்கு ஒண்டு. முக்கியமா அந்தத் தூண் கம்பிகள மேல வளைச்சு பட்டியில ஓடுற ரெண்டு கம்பியோடயும் கட்டுங்க. வீட்டுச் சுவர்ப் பக்கமும் பட்டிக் கம்பிய 4 இஞ்ச் துளைச்சு உள்ள விட்டு எபொக்ஸியால பிடிக்க வையுங்க. அப்ப ரெண்டு முனையும் பிடிபட்டுடும், சுவர் ஆடாது.

பலகைய சுவருக்குள்ள விடாதீங்க. மூதூர்த் தம்பி சொன்ன மாதிரி அது ஊதி ஒடுங்கேக்க பூச்சு வெடிக்கும், வெட்டு முகம் சுவர் ஈரத்த உறிஞ்சும், கறையான் சுவருக்குள்ளால வந்து ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. 5 எம்எம் இடைவெளி விட்டு நிப்பாட்டுங்க, மேல் ஓரத்துல மட்டும் சிலிக்கன் ஒரு கோடு இழுங்க, அடியில திறந்தபடி இருக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா டோர்ச் அடிச்சுக் கீழாலப் பாத்தா கறையான்ட மண் கோடு ஏறியிருக்கா இல்லையா எண்டு தெரிஞ்சிடும்.