மறு: ரோல்டு ஓட்ஸ், ஸ்டீல் கட் ஓட்ஸ் – தமிழில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டப் பெண்களுக்கான காலை உணவுத் துண்டறிக்கையில் ரோல்டு ஓட்ஸ் (நசுக்கித் தட்டையாக்கியது), ஸ்டீல் கட் ஓட்ஸ் (துண்டுகளாக வெட்டியது) இரண்டையும் எப்படி எழுதுவது என்று ஊட்டியிலிருந்து கேட்டிருந்தார்கள். வந்த பரிந்துரைகளை எல்லாம் வாசித்தேன். ‘ஓட்ஸ்’ என்ற சொல்லில் கை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பார்லிக்கு ‘வாற்கோதுமை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. குன்னூர் மார்க்கெட்டில் அதைக் கேட்டால் கடைக்காரர் கோதுமை மூட்டைப் பக்கம்தான் போவார். ஓட்ஸுக்கே உள்ள ‘காடைக்கண்ணி’ என்ற பெயரை ஒருவர் நினைவூட்டியிருந்தார். காதுக்கு இனிய பெயர். தாவரவியல் கட்டுரையில் இருக்கட்டும். விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவளுக்கு அது இன்னொரு சிறுதானியம் என்றுதான் படும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வயலில் நிற்கும் பயிர், உமி நீக்கிய மணி, தட்டையாக்கிய சீவல், கிண்ணத்தில் ஆவி பறக்கும் கஞ்சி எல்லாவற்றையும் ஒரே ‘ஓட்ஸ்’ என்கிறோம். நெல்லை இப்படி நடத்துவோமா? நெல் வேறு, அரிசி வேறு, நொய் வேறு, அவல் வேறு. சாமைக்குக்கூடச் சாமை, சாமை அரிசி என்று பிரித்துச் சொல்கிறோம். அந்தப் பிரிவினை ஓட்ஸுக்கும் வேண்டும். அதற்குரிய சொற்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

> ‘உருட்டிய ஓட்ஸ்’ என்று நேராக எழுதிவிடலாமே.

உருட்டினால் உருண்டைதான் வரும். துண்டறிக்கையைப் படிப்பவர் லட்டு ஒன்றை எதிர்பார்ப்பார். ஆலையில் நடப்பது என்ன என்று பாருங்கள். உமியை நீக்கி, மணியை ஆவியில் வேகவைத்து, சூளையில் உலர்த்தி, மறுபடி ஆவி காட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுமுன் இடித்துத் தட்டையாக்கினால் அவல். முதலில் சூடு, பிறகு தட்டை. வேலை ஒன்றே என்பதால் பெயரும் ஒன்றாக இருக்கலாம்: ஓட்ஸ் அவல். இன்னொரு லாபமும் உண்டு. அவல் என்று சொன்னவுடன், இது பாதி வெந்த பொருள், ஊறவைத்தாலே உண்ணலாம் என்பது விளக்காமலே புரிந்துவிடும். இரவில் பாலிலோ தயிரிலோ ஊறப்போட்டு, காலையில் வாழைப்பழம் நறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகலாம்.

அரிசி அவலில் தவிட்டின் பெரும்பகுதி போய்விடும், ஓட்ஸில் தவிடும் முளைக்கருவும் அப்படியே தங்கும். ஆகவே ஒப்புமை பொருந்தாது என்று மருத்துவர் அம்மா எழுதியிருந்தார். வேறுபாடு மெய்தான். ஆனால் ‘அவல்’ வடிவத்துக்கு வைத்த பெயர், தவிட்டுக்கு வைத்ததன்று. கேழ்வரகு அவல், சோள அவல் எல்லாம் இப்போது கடைகளில் கிடைக்கின்றன, யாரும் குழம்பிப்போகவில்லை.

> ‘ஓட்ஸ் தட்டை’?

வேண்டவே வேண்டாம். பலகாரத் தட்டையைக்கூட மன்னித்துவிடலாம். சோளத்தட்டை என்றால் மாட்டுக்குப் போடும் தாள். நம் மலைகளில் ஓட்ஸைத் தீவனப் பயிராகவும் விதைக்கிறார்கள். ‘காலையில் ஓட்ஸ் தட்டை உண்ணுங்கள்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் தோட்டத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுத்து ‘எஃகு வெட்டு ஓட்ஸ்’. வெட்டிய கத்தி எந்த உலோகம் என்பதா உண்பவருக்குத் தேவை? மணி எந்த அளவில் உடைந்திருக்கிறது என்பதே சமையலைத் தீர்மானிக்கிறது. ஒரு மணி இரண்டு மூன்று துண்டானால் அது நொய். ஆகவே ஓட்ஸ் நொய். ‘ரவை’ என்று சிலர் சொன்னார்கள். ரவை இன்னும் பொடியானது. பழகிய கையோடு உப்புமா கிண்டி, நடுவில் வேகாமல் நறுநறுவென்று இருக்கிறதே என்று நம்மைத் திட்டுவார்கள்.

‘குயிக் ஓட்ஸ்’ என்பது நொய்யை எடுத்து மெல்லியதாக நசுக்கியது. ‘நொய்யவல்’ என்று சொல்லிப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. கெட்டி அவல், மெல்லிய அவல் என்று கேட்டு வாங்கும் பழக்கம் இருப்பதால் ‘மெல்லவல்’ போதும். ‘மூன்று நிமிட ஓட்ஸ்’ என்ற பரிந்துரையை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது சமவெளிக்கான நிமிடம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. சமவெளியில் 20 முதல் 30 நிமிடத்தில் வேகும் ஓட்ஸ் நொய் இங்கே இன்னும் நேரம் கேட்கும். குக்கர் இல்லாத வீட்டில் முந்தின இரவே ஊறவைக்கச் சொல்ல வேண்டும். நிமிடத்தைப் பெயரில் கட்டிவைத்தால் மலை ஏறியதும் பெயர் பொய்யாகிவிடும்.

‘பச்சை ஓட்ஸ்’ என்பதையும் நீக்குங்கள். ஓட்ஸில் கொழுப்பு 6, 7 சதவீதம் வரை உண்டு. அரிசி, கோதுமையைவிட மிகுதி. உமி போனதும் அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும் என்பதால்தான் ஆவி காட்டி நொதியை அடக்குகிறார்கள். நம் கைக்கு வரும் ஓட்ஸ் எதுவும் பச்சையாக வருவதில்லை. அரிசிக் கணக்கில் அது புழுங்கலுக்கு நெருக்கம்.

பெயரோடு அளவையும் துண்டறிக்கை சரியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஒப்புக்கொண்ட கூற்று, ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் இதயநோய் வாய்ப்பைக் குறைக்க உதவலாம் என்பது. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு சேர்த்துத்தான். 40 கிராம் ஓட்ஸ் அவலில் அந்த நார் சுமார் ஒன்றரை கிராம், புரதம் 5 கிராம். ஒரு கிண்ணம் குடித்தால் கொலஸ்ட்ரால் ஓடிவிடும் என்று எழுதுவது அதிகப்பிரசங்கம். கால்சியத்துக்கு ராகிதான் துணை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஓட்ஸில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ராகிக் களி உண்பவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாறும்படி ஒரு வரியும் இருக்கக் கூடாது.

மசாலா கலந்த உடனடி ஓட்ஸை ‘அவல்’ பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் உப்பு எவ்வளவு என்று பாக்கெட்டின் பின்புறம் பார்த்தால் தெரியும்.

குன்னூரிலிருந்து,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை

---

டீச்சருக்கு வணக்கம்.

கொடைக்கானலில் மளிகைக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். ஓட்ஸ் அவல் அருமை. நாளைக்கே கடைப் பலகையில் எழுதிவிடுவேன். ஓட்ஸ் நொய்தான் இடிக்கிறது. எங்கள் கடையில் நொய் என்றால் கோழிக்கு வாங்கிப் போவது, விலை குறைந்தது. ஓட்ஸ் அவலைவிட விலை கூடுதலான பாக்கெட்டை எடுத்து ‘இது நொய்’ என்றால் வாடிக்கையாளர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். உடைத்த உளுந்து, உடைத்த கடலை என்று விற்கிறோமே, அதேபோல ‘உடைத்த ஓட்ஸ்’ என்றால் மரியாதையாகவும் இருக்கும், விளங்கவும் செய்யும். உமி மட்டும் நீக்கிய முழு மணிக்கு நீங்கள் பெயர் சொல்லவில்லை. ‘ஓட்ஸ் அரிசி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

---

கொடைக்கானல் தம்பிக்கு,

ஓட்ஸ் அரிசி சரி. சாமை அரிசி வழியிலேயே போகிறது. வேறு தேட வேண்டாம்.

நொய்யை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு நொய்க் கஞ்சிதானே முதலில் கொடுப்போம்? கோழிக்குப் போடுவதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் ‘உடைத்த உளுந்து’ என்றால் பாதியாகப் பிளந்த பருப்பு என்ற எண்ணமே வருகிறது. அளவு துல்லியமாக விழவில்லை. துண்டறிக்கையில் செய்முறை சொல்லும் இடத்தில் ‘ஓட்ஸ் நொய்’ என்றே போடுவோம், கடையில் கேட்டு வாங்கும் வரியில் ‘உடைத்த ஓட்ஸ்’ என்று கேளுங்கள் என எழுதுவோம். எது நிலைக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

‘கரையும் நார்’ தண்ணீரில் உப்புப் போலக் கரைந்து மறைந்துவிடும் என்று படிப்பவர் நினைக்கக்கூடும் என மருத்துவர் அம்மா தனி மடலில் கேட்டிருக்கிறார். வழவழவென்று கொழகொழத்துக் கெட்டியாவதுதான் அதன் குணம். ‘குழை நார்’ என்று ஒன்று தோன்றுகிறது. அதற்குத் தனி மடல் இழை தொடங்குகிறேன். இங்கே பதில் எழுத வேண்டாம்.